குட்டை மரத்துக் குளவிகள்

எங்கள் தோப்பில் அறுபத்திரண்டு தென்னை. அறுபது நெட்டை, இரண்டு குட்டை. குட்டை இரண்டும் வரப்போரமாக, பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி நிற்கின்றன. ஏணி போட்டால் நான் ஒருத்தியே ஏறி மட்டையைத் தொட்டுவிடலாம். நடந்த நல்லதும் கெட்டதும் அதனால்தான் நடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெள்ளை ஈ வந்தது. வீட்டில் மொய்க்கிற ஈ இல்லை. இது ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல முட்டை வைக்கும். குஞ்சுகள் அங்கேயே ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியது போக மிச்சத்தை இனிப்புத் தண்ணீராகக் கீழே விடும். அந்த இனிப்பு விழுந்த இடமெல்லாம் கரும்பூஞ்சணம் பிடிக்கும். ஓலை கருத்தது. ஊடே வைத்த வாழை கருத்தது. மோட்டார் ரூம் தகரம் கருத்தது. கொடியில் காயப்போட்ட என் நல்ல சேலை இரண்டும் நாசமாய்ப் போனது. காய் சிறுத்துச் சிறுத்து, உரித்துப் பார்த்தால் உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்குத்தான் பருப்பு இருந்தது.

என் வீட்டுக்காரர் பால்பாண்டி கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. வேரில் மருந்து கட்டினார். வாடகைக்கு ஸ்பிரேயர் பிடித்து, உச்சி வரைக்கும் பீய்ச்சி அடித்தார். அடித்த ஒரு வாரம் ஓலை பளிச்சென்று இருக்கும். அப்புறம் பழையபடி வரும், இரண்டு பங்காக வரும். மருந்து போலி என்று கடையை மாற்றினார். கடைக்காரன் திருடன் என்று மருந்தை மாற்றினார். மாற்ற எதுவும் மிச்சமில்லாமல் போனதும், போன ஆவணியில் ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"தை வரைக்கும் பாப்பேன். பாளை ஒழுங்கா வரலேன்னா அம்புட்டையும் வெட்டிட்டுச் சோளத்தப் போட்டுருவோம்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அந்த அறுபத்திரண்டையும் நட்டது நான். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம், கிணறு வற்றிக் கிடந்தபோது, வாய்க்காலில் இருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது நான். எந்த மரம் எந்த வருஷம் முதல் பாளை விட்டது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டக்கலை ஆபீஸில் இருந்து சினேகா வந்தாள். தேவதானப்பட்டிக்காரப் பிள்ளை, ஸ்கூட்டியில் வருவாள், வெயிலுக்கு முகத்தைச் சுற்றி ஷால் கட்டியிருப்பாள். ஒரு காகித உறையில் இருந்து விரல் நீள ஓலைத்துண்டுகளை எடுத்துக் காட்டினாள்.

"அக்கா, இதுல கருப்பாப் புள்ளி புள்ளியாத் தெரியுதுல்ல? அது ஈக்குஞ்சுதான். உள்ள குளவி வளருது."

"ஆத்தாடி, குளவியா?"

"கொட்டாதுக்கா. எள்ளுல பாதிகூட இருக்காது. ஈக்குஞ்சுக்குள்ள முட்டைய வச்சிரும். புழு உள்ளேயே தின்னு வளந்து, குளவியாகி, வட்டமா ஓட்டை போட்டு வெளிய வரும். இந்தத் துண்டை மட்டையில பின் அடிச்சு விட்டாப் போதும். ஆனா ஒண்ணே ஒண்ணு, மருந்து அடிக்கக் கூடாது. மருந்து பட்டா மொதல்ல சாகுறது இதுதான். ஈ அப்புறந்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈ வந்த கொஞ்ச நாளில் அதைத் தின்கிறதும் தானாகவே வந்திருக்கிறது. நாங்கள்தான் ஒவ்வொரு தடவையும் அதைக் கொன்று, ஈக்கு வழிவிட்டிருக்கிறோம். நம் ஆட்களுக்கு எதையாவது அடித்தால்தான் வேலை செய்த திருப்தி. என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டேப்ளரை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். நெட்டை மரத்தில் என்னால் ஏற முடியாது. குட்டை மரங்களின் அடி மட்டைகளில் வரிசையாகப் பின் அடித்து வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்து அடித்தார்கள். காற்று அப்படியே தூக்கி வந்து எங்கள் மரத்தில் போட்டது. சினேகா வந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திராட்சைத் தோட்டம் ஈஸ்வரபாண்டி அண்ணனுடையது. கூடப்பிறந்த அண்ணன் இல்லை, அண்ணன் முறை. என் வீட்டுக்காரரும் அவரும் ஒருவருக்கொருவர் மாப்பிள்ளை, மச்சான். நான் வரப்பில் நின்றுகொண்டே கத்தினேன்.

"ஏண்ணே, உங்க மருந்த உங்க தோட்டத்துல அடிங்க. எந் தோப்புக்கு எதுக்கு அனுப்புறீக?"

"அதக் காத்துகிட்டப் போய்ச் சொல்லு தங்கச்சி. அதுதான தூக்கிட்டு வருது."

"சிரிக்காதீக. எங் குளவி அம்புட்டும் செத்துப்போச்சு."

"குளவி செத்ததுக்கு ஒப்பாரி வைக்கிற மொத ஆளு நீதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே எங்கள் மோட்டார் ரூம் பக்கம் வந்தார். "என்னமோ லென்ஸு வச்சிருக்கியாமே, காட்டு" என்றார். சினேகா மிச்சமாகக் கொடுத்துவிட்டுப் போன ஒரு துண்டு வீட்டுக்குள் பாட்டிலில் இருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டினேன். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அறுபது வயது மனுஷர், திடீரென்று சின்னப் பையன் மாதிரிக் கத்தினார்.

"ஏலே, நடக்குதுலே! மாப்ள, இங்கன வந்து பாரு, நடக்குது!" தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளே பந்தலின் ஓரத்தில், மருந்துச் சாரலுக்கு மறைப்பாக, பழைய சேலைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். "ஓரத்து ரெண்டு வரிசைக்கு மருந்து அடிக்க மாட்டேன். அதுக்கு மேல கேட்டீனா ஒம் மதினி என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா" என்றார். திராட்சை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் மலையில் இருந்து மூட்டம் இறங்கும். அடிச்சாம்பல் நோய் ஓர் இலையில் விழுந்தால் பந்தலே போய்விடும். மூன்று நாளுக்கு ஒரு மருந்து அடிக்கிற பயிரில் இரண்டு வரிசையை விட்டுக்கொடுப்பது யாரும் செய்யாத வேலை. அவர் செய்தார்.

ஐப்பசிக் கடைசியில் சினேகா இரண்டாம் தடவையாக ஓலைத்துண்டு கொண்டுவந்தாள்.

"இதுதான்க்கா கடைசி. எங்ககிட்டயே தாய் மரத்துல குளவி கொறஞ்சுபோச்சு. இனிமே பங்குனிக்கு மேலதான் கிடைக்கும். இத வச்சுப் பெருக்கிக்கோங்க. பொங்கல் வாக்குல இந்த ரெண்டு மரத்து ஓலைய வெட்டி, மத்த அறுபதுலயும் கட்டிட்டீங்கன்னா அப்புறம் அதுக பாத்துக்கும்."

பொங்கல் வரைக்கும் எனக்கு நாள் இருந்தது. அதற்கு மேல் இல்லை. என் வீட்டுக்காரர் சொன்னால் சொன்னதுதான்.

அதற்கப்புறம் தினமும் காலையில் முதல் வேலை, ஏணியும் லென்ஸுமாகப் போய்விடுவேன். ஈக்குஞ்சு வளர்ந்து ஈயாக வெளியே வந்தால் கூட்டின் முதுகில் கிழிசல் இருக்கும். குளவி வெளியே வந்தால் அச்சாக வட்ட ஓட்டை இருக்கும். முதல் தடவை எண்ணியபோது ஏழு வட்டம். கார்த்திகைத் தீபத்துக்கு அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன், அவ்வளவு இருந்தது. மார்கழி பிறந்தபோது அந்த இரண்டு மரத்திலும் அடி மட்டைகள் எல்லாம் அடிப்பக்கம் கருப்புப் புள்ளியாக நிறைந்துவிட்டன. மேலே புதிதாக விரிந்த மட்டை சுத்தமாக, பச்சைப் பசேலென்று இருந்தது. மூன்று வருஷம் கழித்து அந்தப் பச்சையைப் பார்த்து ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மரமேற ராயப்பன்பட்டி ஏசுதாசனிடம் சொல்லிவைத்தேன். "கிறிஸ்துமஸு, புது வருசம் முடியட்டும்க்கா. ரெண்டாந் தேதி மொத மரம் உங்க மரந்தான்" என்று வாக்குக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் அண்ணனின் ஓரத்து இரண்டு வரிசையில் இலைகள் மஞ்சள் பாய்ந்திருந்தன. திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகச் சாம்பல். நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார், திராட்சையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறொன்றைத்தான் காட்டினார்.

"இங்கன பாரு, சிலந்தி வல கட்டிருக்கு. எங்கப்பன் காலத்துல இந்தப் பந்தல்ல பாத்தது. எங்கிட்டிருந்து வந்துச்சுன்னே தெரியல."

"நோய் பரவிரப் போகுதுண்ணே, மருந்து அடிங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொங்கலுக்கு இன்னும் மூன்றே வாரம்தான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, பார்த்தும் பார்க்காதவளாக வந்துவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி காலையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரபாண்டி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் போனபோது கருத்தம்மாள் மதினி வாசலில் தலைவிரிகோலமாகக் கிடந்தாள். கட்டிக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அத்தனை உண்மையாக அழுதது கொஞ்சம்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அவர் மகன் பாண்டீஸ்வரன் மதியத்துக்குள் வந்துவிடுவான், சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் ஊரில் சாவுக்குப் பாடை கட்டப் பச்சை மட்டை வெட்டுவதற்கு யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். எந்தத் தோப்பு பக்கமோ அங்கே போய் வெட்டிக்கொள்வார்கள். தோப்புக்காரன் பகையாளியாக இருந்தாலும் மறிக்க மாட்டான். மறித்தவன் வீட்டுக்குப் பிற்பாடு ஒரு மட்டை வராது. இது நல்ல வழக்கம்தான். இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு மணி இருக்கும். குட்டியானை வண்டி வந்து நின்றது. மட்டைகளைச் சரசரவென்று இறக்கினார்கள். பன்னிரண்டு மட்டை. மேல்பக்கமெல்லாம் கரி பிடித்திருந்தது. "இந்தக் கரியோடவா அவரக் கெடத்துறது? தொடைங்கடி" என்று வயசான பெண் ஒருத்தி ஈரத்துணிகளைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தாள். நான் ஒரு மட்டையை இழுத்து மடியில் போட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். விரலில் சுருக்கென்று என்னவோ குத்தியது. புரட்டிப் பார்த்தேன். ஸ்டேப்ளர் பின்.

அடுத்த மட்டையைப் புரட்டினேன். அதிலும் பின். அடிப்பக்கம் முழுக்கக் கருப்புப் புள்ளிகள்.

என் வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் நின்று மூங்கிலை அளந்துகொண்டிருந்தார். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்தேன்.

"எந்த மரத்துல வெட்டுனீக?"

"நம்ம குட்டை மரத்துலதான். ஏசுதாசன் சர்ச்சுக்குக் குடிலு கட்டப் போயிட்டானாம். நெட்டையில ஏற ஆளு இல்ல. குட்டைன்னா தொரட்டியிலயே எட்டுது" என்றார். அழுது அழுது அவர் கண் கோவைப்பழமாக இருந்தது. "அடி மட்டை எல்லாம் கருத்துப்போய்த்தான கெடந்துச்சு. எப்படியும் கழிக்கணும். மேல நல்ல மட்டைய ஒனக்காக விட்டுட்டுத்தான் வந்தேன். மச்சானுக்கு நம்ம தோப்பு மட்டையாவது போகட்டும்னு நெனச்சேன் புள்ள."

அந்த மட்டையில்தான் எல்லாம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? மேலே இருக்கிற பச்சை மட்டையில் ஈயும் இல்லை, குளவியும் இல்லை. இத்தனை மாதமாக நான் ஏணியில் ஏறி என்ன பார்க்கிறேன் என்று அவரை ஒரு நாளாவது கூட்டிப் போய்க் காட்டியிருக்க வேண்டும். தை வரைக்கும் என்று கெடு வைத்த மனுஷன்மேல் எனக்குக் கோபம். மரமெல்லாம் தேறிய பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று வீறாப்பாக இருந்துவிட்டேன்.

திரும்பிப் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்தேன். மேல்பக்கத்தை மட்டும் துடைத்தேன். "அடியிலயும் தொடை, என்னமோ ஒட்டிருக்கு பாரு" என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். "அது போகாது" என்றேன். அவள் தன் கையில் இருந்த மட்டையை அடியிலும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடைக்கு வந்த ஓலையைக் கிழித்து எடுப்பது ஆகாது. ஆனாலும் ஒருவரும் பார்க்காத நேரம் நாலு இலையை உருவி, இடுப்பில் செருகிக்கொண்டேன். அங்கே அண்ணன் கிடக்கிறார், நான் இங்கே பூச்சியைத் திருடிக்கொண்டு இருக்கிறேன். வெட்கமாக இருந்தது. செருகியதை வெளியே எடுக்கவும் மனசு வரவில்லை.

சாயங்காலம் பாடை புறப்பட்டது. எங்கள் பக்கம் பெண்கள் தெரு முக்கோடு திரும்பிவிட வேண்டும். முக்கில் நின்று பார்த்தேன். அண்ணன் தலைமாட்டில் ஓலை ஆடிக்கொண்டே போனது. அவர் காப்பாற்றிக் கொடுத்த குளவிகள் எல்லாம் அவரோடு போய்க்கொண்டிருந்தன. சுடுகாட்டுக்குப் போனது எதுவும் திரும்பி வராது.

அன்று இருட்டுவதற்குள் சினேகாவுக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அந்த நாலு இலையில எதாச்சும் இருக்கும்க்கா. பாட்டில்ல போட்டு வைக்காதீங்க. வெளிய வந்ததும் அதுக்கு ஈக்குஞ்சு வேணும், இல்லைன்னா ரெண்டு மூணு நாள்ல செத்துரும். மரத்துலயே கட்டுங்க" என்றாள்.

நெட்டை மரத்தில் ஏற ஆள் இல்லை. மறுநாள் குட்டை மரத்துக்கே போனேன். நடுவில் ஏழெட்டு மட்டை மிஞ்சியிருந்தது. அதில் கீழ் மட்டை ஒன்றில் மட்டும் கொஞ்சம் ஈக்குஞ்சு இருந்தது. அங்கே நாலு இலையையும் பின் அடித்தேன். லென்ஸில் பார்த்தேன். முப்பது, நாற்பது கருப்புப் புள்ளி இன்னும் உடையாமல் இருந்தது. ஒரு குளவி அப்போதுதான் வெளியே வந்து, காலால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள், சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டு வந்த பாண்டீஸ்வரன், மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்குள் வந்தான். முதுகில் ஸ்பிரேயர். ஓரத்தில் அப்பா கட்டியிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"அத்த, நோயி உள்ள பத்து வரிசைக்குப் போயிருச்சு. ஓரத்து ரெண்டுலருந்துதான் ஏறியிருக்கு. அப்பா ஏன் இத விட்டாகன்னே தெரியல. இருவது நாள்ல பழம் வெட்டணும். எனக்கு லீவு நாளைக்கு வரைக்குந்தான். இன்னைக்கு விட்டா அம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது."

ஏன் விட்டார் என்று மதினிக்கும் தெரியாது போல. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம் நான் சொல்லலாம். என் மரத்துக்காக உங்கள் அப்பா விட்டார், நீயும் விடு என்று சொல்லலாம். அவன் கண் வீங்கியிருந்தது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அந்தப் பந்தல் போனால் மதினிக்கு வேறு எதுவும் இல்லை.

"அடிய்யா" என்றேன். "ஓரத்துல நல்லாவே அடி. அங்கனதான் அதிகம்."

சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த மட்டையைச் சுற்றிக் கட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முந்தானையை அவிழ்த்து இலைகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன். வாடைக்காற்று அந்தப் பக்கம் இருந்துதான் வந்தது. மருந்து முகத்தில் சில்லென்று பட்டது. கண் எரிந்தது. சேலை நனைந்து கையோடு ஒட்டியது. நனைந்த சேலை எதைக் காப்பாற்றும்? தெரிந்துதான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே ஏணியை யாரோ பிடித்தார்கள். என் வீட்டுக்காரர். சினேகா அவருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். ஸ்பிரேயர் சத்தம் பந்தலின் அந்தக் கோடிக்குப் போன பிறகு வாயைத் திறந்தார்.

"எறங்கு புள்ள. எனக்குத் தெரியாமப் போச்சு. மரத்த வெட்ட வேணாம். தையும் வேணாம், சித்திரையும் வேணாம். நீ எப்பச் சொல்றியோ அப்பப் பாப்போம்."

ஆவணியில் இருந்து அவர் வாயில் இருந்து வராதா என்று நான் காத்துக் கிடந்த வார்த்தை. முந்தானையை மெதுவாக விலக்கி லென்ஸை வைத்தேன். அந்த ஒரு குளவி இலையின் நரம்போரமாக மல்லாந்து கிடந்தது. கால் ஆடவில்லை. பக்கத்திலேயே ஈக்குஞ்சு ஒன்று ஒன்றும் ஆகாததுபோல் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"இன்னும் எம்புட்டு நாளு வேணும், சொல்லு" என்றார் கீழே இருந்து.

இனிப் புதுக் குளவி கிடைத்தால் பங்குனிக்கு மேல்தான். லென்ஸை நகர்த்தி, இன்னும் உடையாத கருப்புப் புள்ளிகளை முதலில் இருந்து எண்ண ஆரம்பித்தேன்.